வைட் ரிசீவரை எடைபோடும்போது 40 யார்டு ஓட்ட நேரத்தை எவ்வளவு நம்பலாம்?

கடைசிநொடி (கேள்வி)

எங்கள் டைனஸ்டி ஃபேன்டஸி லீகில் (நிஜ அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் ஆட்டக் கணக்குக்குப் புள்ளி தரும், வீரர்களைப் பல வருடம் வைத்துக்கொள்ளும் போட்டி) ரூக்கி டிராஃப்ட், அதாவது புதுமுகங்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது, வருகிறது. என் முறை வரும்போது இரண்டு வைட் ரிசீவர்கள் (ஓடிப்போய்ப் பாஸைப் பிடிப்பவர்கள்) மிச்சம் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஒருவர் கம்பைனில் (அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீகான என்எஃப்எல் கல்லூரி வீரர்களைச் சோதிக்கும் முகாம்) 40 யார்டை 4.3 நொடியை ஒட்டி ஓடியவர். கல்லூரியில் அவர் பிடித்த பந்துகள் குறைவு, பிடித்ததில் பெரும்பாலும் நீளமான பாஸ்கள். இன்னொருவர் 4.6. ஆனால் அவருடைய அணி மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) சிக்கும்போதெல்லாம் பந்து அவரிடம்தான் போனது.

லீகில் மற்றவர்கள் எல்லாரும் முதல் ஆளைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். 4.6 ஓடுபவரால் என்எஃப்எல் கார்னர்பேக்குகளிடமிருந்து (ரிசீவரைத் தடுக்கும் எதிரணி வீரர்கள்) விலகவே முடியாது என்கிறார்கள். மெதுவாக ஓடியும் பெரிய ரிசீவராக இருந்த ஜெர்ரி ரைஸ் பெயரைச் சொன்னால் அது வேறு காலம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையிலேயே இந்த ஒரு ஓட்டத்துக்கு இவ்வளவு மதிப்புத் தரலாமா? ஆட்டத்தின் வீடியோ பார்த்துப் பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

கோல்கோடு

வேகத்தைச் சொல்லித்தர முடியாது, ரூட் (பாஸைப் பிடிக்க ரிசீவர் ஓடும் திட்டமிட்ட பாதை) ஓடுவதைச் சொல்லித்தரலாம். டைரீக் ஹில் 2016-இல் தன் கல்லூரியில் நடந்த சோதனையில் 4.29 ஓடினார். என்எஃப்எல் டிராஃப்டின் ஐந்தாவது சுற்றில் வந்தவர் 2023-இல் மயாமிக்காக 1,799 யார்டு எடுத்தார். கால்வின் ஜான்சன் 6 அடி 5 அங்குல உயரத்தோடு 4.35 ஓடியவர், 2012-இல் அவர் எடுத்த 1,964 யார்டு இன்றும் சாதனை. சேவியர் வொர்த்தி 4.21 ஓடிச் சாதனை படைத்த மறு பிப்ரவரியிலேயே சூப்பர் பவுலில் 157 யார்டு எடுத்தார். நான் 4.3 ஆளைத்தான் எடுப்பேன்.

---

ஓரக்கோடு

கோல்கோடு சொன்ன பெயர்கள் எல்லாம் சரி. அதே பட்டியலில் டேரியஸ் ஹேவர்ட்-பேயையும் ஜான் ராஸையும் சேர்த்துப் பாருங்கள். 2009-இல் 4.30 ஓடிய ஹேவர்ட்-பேயை ஓக்லண்ட் ரைடர்ஸ் ஏழாவது இடத்தில் எடுத்தது. அந்த வருடம் பாதக் காயத்தால் ஓடவே ஓடாத மைக்கேல் கிராப்ட்ரீ பத்தாவது இடத்தில் போனார். முதல் சீசனில் ஹேவர்ட்-பே பிடித்தது 9 பந்து. சம்பளப் பேச்சு இழுத்ததால் அக்டோபரில்தான் கையெழுத்திட்ட கிராப்ட்ரீ 48 பிடித்தார். 2017-இல் 4.22 ஓடிய ராஸைச் சின்சினாட்டி ஒன்பதாவது இடத்தில் எடுத்தது. முதல் சீசனில் அவர் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. அதே டிராஃப்டில் 4.62 ஓடிய கூப்பர் கப் மூன்றாவது சுற்று வரை காத்திருந்தார். 2021-இல் அவர் 145 பந்து, 1,947 யார்டு, 16 டச் டவுன் என்று மூன்றிலும் லீகிலேயே முதலிடம் பிடித்தார்.

இப்படிப் பெயருக்குப் பெயர் அடுக்கிக்கொண்டே போனால் எந்தப் பக்கமும் ஜெயிக்காது. நான் ஓர் உயர்நிலைப் பள்ளி அணியில் ரிசீவர்களுக்குப் பயிற்சி கொடுக்க உதவுகிறேன். வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்தால் சனிக்கிழமை காலை வீடியோவோடு உட்கார்ந்துவிடுவேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஓட்டம் எதை அளக்கிறது என்று பார்க்கலாம். வீரர் தனக்கு வசதியான நேரத்தில், மூன்று புள்ளி நிலையில் (ஒரு கையைத் தரையில் ஊன்றி) குனிந்து கிளம்புகிறார். அவர் அசைந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும், அதையும் ஒரு மனிதர் கையால்தான் அழுத்துகிறார். நேர்க்கோடு, எதிரில் யாரும் இல்லை, தலைக்கவசம் இல்லை, திரும்பிப் பார்த்துப் பந்தைத் தேட வேண்டியதில்லை. ரிசீவர் ஆட்டத்தில் நின்றபடிதான் கிளம்புவார். முதல் ஐந்து யார்டுக்குள் கார்னர்பேக் அவர் மார்பில் கை வைத்துத் தள்ளலாம். விதி அதற்கு இடம் கொடுக்கிறது. அந்த ஐந்து யார்டைத் தாண்ட முடியாதவருக்கு மற்ற 35 யார்டு வேகம் இருந்து என்ன பயன்?

அப்புறம் தூரம். கடைசிக் கட்டத்தில் ரிசீவர் நொடிக்குச் சுமார் 10 யார்டு ஓடுவார். அப்படியானால் 4.3-க்கும் 4.6-க்கும் உள்ள வித்தியாசம் 40 யார்டு முடியும் இடத்தில் ஏறக்குறைய 3 யார்டு. நீளமான பாஸில் அது பெரிய விஷயம், மறுக்கவே மாட்டேன். ஆனால் என்எஃப்எல் குவார்ட்டர்பேக் (பாஸ் எறிபவர்) சராசரியாக 2.7 நொடி அளவில் பந்தை விட்டுவிடுகிறார். அந்த நேரத்தில் ரிசீவர் நேராக ஓடினாலே 20 யார்டைக் கொஞ்சம் தாண்டியிருப்பார். ஸ்லான்ட், கர்ல், டிக், அவுட் எல்லாம் அந்த எல்லைக்குள் முடிகிற ரூட்கள். முதல் 10 யார்டில் இந்த இருவருக்கும் இடையே ஒரு யார்டு வித்தியாசம்கூட வராது. அங்கே ஆளை விலக்கிக் கொடுப்பது முழு வேகத்தில் போகும்போது எத்தனை காலடியில் நிற்க முடிகிறது என்பதுதான். நான்கு காலடி எடுத்து நிற்பவரைக் கார்னர்பேக் படித்துவிடுவார். இரண்டு காலடியில் இடுப்பைத் தாழ்த்தித் திரும்புகிறவரைப் படிக்க முடியாது. எங்கள் பையன்களில் தடகளத்தில் 100 மீட்டர் ஓடுகிறவர்களுக்கு நான் அதிக நேரம் செலவிடுவது நிற்கச் சொல்லித்தருவதில்தான்.

டிகே மெட்காஃப் இதற்கு நல்ல உதாரணம். 2019 கம்பைனில் 228 பவுண்டு உடம்போடு 4.33. அதே நாளில் மூன்று கோன் ஓட்டத்தில் (கூம்புகளைச் சுற்றித் திரும்பித் திரும்பி ஓடும் சோதனை) 7.38, வேகத்துக்குப் பேர்போகாத குவார்ட்டர்பேக் டாம் பிரேடியே அதை 7.20-இல் முடித்தவர். இரண்டாவது சுற்றின் கடைசித் தேர்வாக சியாட்டில் அவரை எடுத்தது. எடுத்த பிறகு அவரை என்ன செய்தார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சட்டென்று வளைந்து திரும்பும் ரூட்களை அவரிடமிருந்து பெரிதாக எதிர்பார்க்காமல், நேராகப் போகிற ரூட்களையும் நடுவில் வெட்டுகிற ஸ்லான்ட்களையும் கொடுத்தார்கள். 2020-இல் இன்டர்செப்ஷனோடு (இடைமறித்த பாஸோடு) ஓடிய எதிரணியின் புடா பேக்கரைத் துரத்திப் பிடித்தபோது அவர் மணிக்கு 22.64 மைல் வேகத்தைத் தொட்டார். அந்த வேகம் பொய்யில்லை. அவர் கால்கள் நீளம் என்பதால் அது வெளிப்பட இடம் வேண்டும், அந்த இடத்தை அணி கொடுத்தது.

ஆகவே என் பதில்: வேகம் முக்கியம், ஆனால் கம்பைனில் அதைத் தேடாதீர்கள். கார்னர்பேக்கின் கால்களைப் பாருங்கள். பந்து கிளம்புவதற்கு முன் அவர் எத்தனை யார்டு தள்ளி நிற்கிறார்? கிளம்பியதும் எவ்வளவு சீக்கிரம் இடுப்பைத் திருப்பிப் பின்னால் ஓடத் தொடங்குகிறார்? அவருக்கு எதிரில் நிற்பவரின் நேரம் தெரியாமல் இருக்கலாம், பயம் தெரியும். 4.3 ஓடுகிற ஒருவருக்கு எதிராக எல்லாக் கார்னர்பேக்கும் முகத்துக்கு நேரே நின்று தள்ளுகிறார்கள் என்றால், அந்த 4.3 களத்துக்கு வரவில்லை என்று பொருள். 4.6 ஆளுக்கு 7 யார்டு விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால் அவரிடம் வேறு ஏதோ இருக்கிறது. என்எஃப்எல்லில் இதை அளக்கவே செய்கிறார்கள். தோள்கவசத்தில் இருக்கும் சில்லு வழியாக, ஸ்னாப் நேரத்தில் (பந்து ஆட்டத்துக்கு வரும் கணத்தில்) ரிசீவருக்கும் எதிராளிக்கும் உள்ள தூரத்தைக் 'குஷன்' என்ற பெயரில் நெக்ஸ்ட் ஜென் ஸ்டாட்ஸில் வெளியிடுகிறார்கள். கல்லூரி ஆட்டங்களுக்கு நம் கண்தான்.

---

மூன்றாம்டவுன்

ஓரக்கோடு சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். கப், ஆன்குவான் போல்டின், ஜெர்ரி ரைஸ் மூவரையும் காட்டி வேகம் தேவையில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். போல்டின் 4.71 ஓடினார், முதல் என்எஃப்எல் ஆட்டத்திலேயே டெட்ராய்ட்டுக்கு எதிராக 217 யார்டு எடுத்தார், எல்லாம் உண்மை. ஆனால் 4.7 ஓடி, கையும் ரூட்டும் சுமாராக இருந்தவர்களை நாம் பார்த்ததே இல்லை. அவர்கள் கம்பைனுக்கே அழைக்கப்பட்டிருக்க மாட்டார்கள். மெதுவாக ஓடியும் உள்ளே வந்தவர் வேறு ஏதோ ஒன்றில் அசாத்தியமானவர் என்பதால்தான் வந்தார். வேகமாக ஓடுபவருக்கு வேறு திறமை குறைந்தாலும் கதவு திறக்கும். அதனால் என்எஃப்எல்லுக்குள் இருப்பவர்களை மட்டும் வைத்து ஒப்பிட்டால் வேகத்தின் மதிப்பு உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

---

கடைசிநொடி

ரொம்ப நன்றி. ஓரக்கோடு அண்ணா, ஒரு சந்தேகம். வேகமான ரிசீவர் பந்தே பிடிக்காவிட்டாலும் சேஃப்டிகளை (கடைசியில் நின்று காப்பவர்களை) பின்னால் இழுத்து மற்றவர்களுக்கு இடம் உண்டாக்குகிறார் என்கிறார்களே. அதை எப்படிக் கணக்கில் எடுப்பது?

---

ஓரக்கோடு

மூன்றாம்டவுன் சொன்னது மிகச் சரி, அதை மனதில் வைத்தே என் பதிலைப் படியுங்கள்.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். அது உண்மையான மதிப்பு, ரொம்பப் பழைய விஷயமும்கூட. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்ற பாப் ஹேய்ஸ் அடுத்த வருடமே டாலஸ் கௌபாய்ஸுக்கு வந்து 1,003 யார்டும் 12 டச் டவுனும் எடுத்தார். ஒற்றை ஆளால் அவரைக் காக்க முடியாமல் எதிரணிகள் பரப்பைப் பிரித்துக் காக்கும் முறைக்குத் தள்ளப்பட்டன. இன்றைக்கும் அப்படி ஒருவர் ஓரத்தில் நின்றால் ஒரு சேஃப்டி 15 யார்டு பின்னால் நகர்வார், நடுவில் டைட் எண்டுக்கு (பாஸ் பிடிக்கக்கூடிய இன்னொரு வீரர்) வழி திறக்கும்.

ஆனால் அந்த லாபம் அணிக்குப் போகும், ஃபேன்டஸியில் உங்களுக்கு வராது. நீங்கள் ஒரு அணியின் பொது மேலாளராக இருந்தால் 4.3 ஆளை எடுக்கச் சொல்வதற்கு எனக்குக் காரணம் உண்டு. உங்கள் லீகில் பிடித்த பந்துக்கும் யார்டுக்கும்தான் புள்ளி.

இன்னொன்று. ரைஸுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நேரம் 4.71. அவர் வடக்கு கலிஃபோர்னியாவில் ஒரு மலைப்பாதையில் ஏறி ஏறி ஓடிப் பழகியது எல்லாருக்கும் தெரியும். பின்னாலிருந்து யாராவது அவரை எட்டிப் பிடித்ததை அரிதாகத்தான் பார்த்திருக்கிறோம், நான்காவது குவார்ட்டரில்கூட. கம்பைனில் ஓடுகிறவர் களைப்பில்லாமல் ஓடுகிறார். ஐம்பதாவது, அறுபதாவது ஸ்னாப்பில் அதே ஆள் எவ்வளவு வேகம் என்று எந்தக் கடிகாரமும் சொல்வதில்லை. அந்த இருவரின் ஆட்டங்களையும் கடைசிக் குவார்ட்டரிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். பந்து அவர்களுக்கு வராத ஆட்டங்களையும் விடாதீர்கள். ரூட்டைப் பாதியில் விட்டுவிட்டு நடப்பவர் யார் என்று அங்கேதான் தெரியும். அதை நான் வேறு எதையும்விடக் கடுமையாக எடுத்துக்கொள்வேன்.

நீங்கள் சொன்ன வரைக்கும் வைத்துப் பார்த்தால் என் கை 4.6 ஆள் பக்கம்தான் போகிறது. மூன்றாவது டவுனில் எல்லாருக்கும் தெரிந்தே பந்து அவருக்குப் போகிறது, அப்படியும் பிடிக்கிறார். ஆனால் அவர் எப்போதும் ஸ்லாட்டில் (ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிய இடம்), எதிரில் ஆளில்லாத இடத்திலிருந்தே கிளம்பியிருந்தால் என் பதில் மாறும். ஓரத்தில் நின்று, ஒருவர் முகத்துக்கு நேரே நிற்க, எப்படி விலகினார் என்பதைப் பாருங்கள். இருவருடைய முதல் 10 யார்டு நேரமும் கிடைத்தால் அதையும் இங்கே போடுங்கள், எடையோடு சேர்த்து.

---

கோல்கோடு

ஃபேன்டஸிக்கு என்றால் ஓரக்கோடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் டைனஸ்டி லீகில் நீங்கள் பல வருடத்துக்கு எடுக்கிறீர்கள். நல்ல குவார்ட்டர்பேக் இருக்கிற அணி அந்த 4.3 ஆளை எடுத்தால் நான் சொன்னதை மறுபடி யோசியுங்கள். யார் எந்த அணிக்குப் போனார்கள் என்று எழுதவில்லையே?

---

கடைசிநொடி

4.3 ஆள் இரண்டாவது சுற்றில் போனார். குவார்ட்டர்பேக் இன்னும் முடிவாகாத அணி. 4.6 ஆள் மூன்றாவது சுற்று, அங்கே பழகிய குவார்ட்டர்பேக் இருக்கிறார். கல்லூரியில் பாதிக்கு மேல் ஓரத்தில்தான் நின்றார். இன்று இரவு நான்காவது குவார்ட்டர்களைப் பார்க்க உட்காருகிறேன். 10 யார்டு நேரத்தைத் தேடிப் போடுகிறேன்.