ஏலகிரி ஏற்றத்தில் அம்பாசடர் கிளட்ச் வழுக்குகிறது: கியர்பாக்ஸை இறக்கிவிடலாமா?

கேள்வி, காட்பாடியிலிருந்து

வணக்கம். அப்பா வாங்கிய அம்பாசடர் மார்க் 4 என்னிடம் இருக்கிறது. பெட்ரோல், 1489 சிசி, ஸ்டியரிங்கை ஒட்டிய கியர். வேலூருக்குள் ஓட்டும்போது குறை தெரியவில்லை. பொன்னேரி தாண்டி ஏலகிரி ஏறும்போதுதான் தொல்லை. வளைவில் திரும்பி ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் மட்டும் உயர்கிறது, வண்டி இழுக்கவில்லை. கருகல் நாற்றமும் வருகிறது. கியர் உரசாமல் விழுகிறது. பட்டறையில் பார்த்தவுடனே பிளேட் (என்ஜின் சுழற்சியைப் பிடித்து கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் கிளட்ச் தட்டு) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்குவதற்கு முன் சோதிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பதில், ராணிப்பேட்டை

தம்பி, கியர் சுத்தமாக விழுவதால் கிளட்ச் பிரிகிறது, பிடிக்கத்தான் இல்லை. சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டாப் கியரில் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி பெடலை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் உடனே அணைந்துவிடும். அணையாமல் சுற்றினால் வழுக்கல் உறுதி. ஒருமுறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருப்பதும் கருகும்.

ஆனால் வழுக்கினாலே பிளேட் தேய்ந்தது என்று ஆகிவிடாது. இந்த வண்டியில் கிளட்ச் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குகிறது. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் திரும்பும் துவாரம் அடைத்துக்கொண்டால், காலை எடுத்த பிறகும் அழுத்தம் உள்ளே நிற்கும். பாதி மிதித்தது போலவே கிளட்ச் இருக்கும். வழுக்கும் நேரத்தில் வண்டியை ஓரம் நிறுத்தி, கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் காற்று எடுக்கும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்துங்கள். எண்ணெய் பீச்சியடித்தால் கோளாறு அங்கேதான். கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

பதில், ஆம்பூர்

கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள சிறு துளையையும் பாருங்கள். எண்ணெய் சொட்டினால் புதுப் பிளேட்டும் நனைந்து வழுக்கும். இந்த என்ஜினில் கிராங்கின் (என்ஜினின் சுழல்தண்டு) பின்முனையில் எண்ணெயைத் திருப்பியனுப்புவது ஒரு திருகு வெட்டுதான். என்ஜினின் உள்காற்றை வெளிவிடும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் கசிவு கூடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. நிப்பிளில் அழுத்தம் இல்லை. துளை உலர்ந்திருக்கிறது. டாப் கியர் சோதனையில் என்ஜின் அணையவில்லை. இறக்கச் சொல்லிவிட்டேன். பிளேட்டில் லைனிங்கை (உராயும் மேற்பட்டை) பிடித்திருக்கும் ரிவெட் தலைகள் வெளியே தெரிகின்றன. அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். பிளேட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில், ராணிப்பேட்டை

போதாது. ரிவெட் உரசியிருந்தால் பிரஷர் பிளேட்டிலும் என்ஜின் பக்கத்துச் சக்கரமான ஃப்ளைவீலிலும் கோடு விழுந்திருக்கும். நகத்தால் தடவிப் பாருங்கள். நீலம் பாய்ந்த திட்டும் மயிரிழை வெடிப்பும் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் தேடுங்கள். கோடு மட்டும் என்றால் லேத்தில் சீவலாம், வெடிப்பு இருந்தால் ஃப்ளைவீலையே மாற்ற வேண்டும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சைப் பிரிப்பது) மூன்றையும் சேர்த்தே போடுங்கள். மறுபடி இறக்கும் கூலியை நினைத்தால் இது மிச்சம்தான். வேலூரில் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். பழைய பிளேட்டைக் கையில் கொண்டுபோய் ஸ்ப்லைன் (நடுத்துளையின் பல்வெட்டு) பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைக்கட்டும்.

பூட்டும்போது பிளேட்டை நடுவில் நிறுத்தப் பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றைச் செருகச் சொல்லுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் ஒரு நொடிகூடப் பிளேட்டின் நடுவில் தொங்கக் கூடாது. அந்த நடுப்பகுதியான ஹப் வளைந்தால் கிளட்ச் சரியாகப் பிரியாது. ஸ்ப்லைனில் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருக்கட்டும், மிஞ்சினால் லைனிங்கில் தெறிக்கும்.

ரிலீஸ் பேரிங் கார்பன் வகையாக இருந்தால், ஓட்டும்போது பெடல் மேல் கால் வைத்திருக்கவே கூடாது. புது லைனிங் படியும் வரை ஏலகிரிப் பக்கம் போகாதீர்கள். ஆற்காடு, ராணிப்பேட்டை என்று சமதரையில் ஓட்டுங்கள்.