பிரேக் ஃபேட்: "மங்கல்" வேண்டாம், இரண்டு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

போர்ஷே 944 காரின் பிரேக்கை மேம்படுத்தும் கையேட்டைத் தமிழில் எழுதிவரும் நண்பர் 'பிரேக் ஃபேட்'டுக்கு, அதாவது சூடேறிய பிரேக் வலுவிழந்து போவதற்கு, சொல் கேட்டிருந்தார். இதுவரை வந்தவை: பிரேக் மங்கல், தடுப்புத் தேய்வு, நிறுத்தித் தளர்ச்சி. பிரேக்குக்கே தமிழ் தேடுகிற வேலையை வேறு இழைக்குத் தள்ளிவிடுவோம். இங்கே தொடங்கினால் தீபாவளி வரை போகும்.

மங்கல் விளக்குக்கும் சாயத்துக்கும் ஆகிற சொல். தேய்வுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது: பேட், அதாவது பிரேக்கின் உராய்வுக் கட்டை, தேய்ந்தால் புதிது வாங்க வேண்டும். தளர்ச்சி வயதானால் வருவது, வந்தால் போகாது. நமக்கு வேண்டியதோ சூட்டில் வந்து, ஆறினால் பெரும்பாலும் போய்விடுகிற ஒன்றுக்கான பெயர்.

அந்தச் சூடு எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 944 டர்போ எஸ் சுமார் 1,350 கிலோ. 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100க்குக் குறைத்தால், ஏறக்குறைய 15 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். ஐந்து லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. மூன்று நான்கு நொடிக்குள் ஏறக்குறைய அத்தனையும் சக்கரத்தோடு சுழலும் தட்டுகளான டிஸ்குகளில் இறங்குகிறது, பெரும்பங்கு முன்சக்கரங்களில். பந்தயத் தடத்தில் அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

இனிமேல்தான் சிக்கல். 'ஃபேட்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு கோளாறுகள் உட்கார்ந்திருக்கின்றன.

ஒன்று, பேட் அளவுக்கு மீறிச் சூடாவது. பேட்டைக் கட்டி வைத்திருக்கும் பிசின் சிதைந்து வாயு கிளம்பும், உராய்வு விழுந்துவிடும். பெடல் கல் மாதிரி கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்காது.

இன்னொன்று, பிரேக் ஆயில் கொதிப்பது. வழக்கமான ஆயில் கிளைக்கால் வகை, ரப்பர் குழாய் வழியாகக்கூடக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்தின்படி புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்தபின் தரம் கேட்பது 155தான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் பஞ்சு போல் தரைவரை போய்விடும்.

இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் வாசகருக்கு நஷ்டம், அதுவும் பணத்தில். ஆயில் மாற்றினால் தீர்கிற கோளாறுக்குப் பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் கேலிப்பர் (பேட்டை டிஸ்கின்மேல் அழுத்தும் பாகம்) என்று வாங்கி மாட்டுவார். ஆகவே என் பரிந்துரை:

பிடிச்சோர்வு: பேட் சூடேறி உராய்வு குறைவது.
கொதிதொய்வு: ஆயில் கொதித்துப் பெடல் அமுங்கிப்போவது.

பிரேக் 'பிடிக்கிறது', 'பிடிக்கவில்லை' என்றுதான் பட்டறையிலும் பேருந்திலும் சொல்கிறோம், அதனால் பிடி. சோர்வு ஓய்வெடுத்தால் போவது. தொய்வு கயிறும் கட்டிலும் தொய்வதுபோல் இறுக்கம் போவதைச் சொல்லும். கொதிகலன், கொதிநிலை வரிசையில் கொதிதொய்வு, ஒற்று மிகாது. பிடிச்சோர்வில் மிகும்.

> ஆவிப்பூட்டு என்று வைக்கலாமே? பட்டறையில் ஏர் லாக் என்பார்கள்.

வேண்டாம் ஐயா. பிரேக் பேச்சில் பூட்டு என்றதும் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதுதான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர். ஏர் லாக் என்பது வெளிக்காற்று புகுந்ததையும் சேர்த்துச் சொல்வது, அது சூடில்லாமலும் வரும்.

> கையேட்டில் ஒரு வரி: பெரிய கேலிப்பர் போட்டபின் பெடல் முன்னைவிட ஆழமாக இறங்கும். இதுவும் கொதிதொய்வில் சேருமா?

சேராது. நல்ல கேள்வி, 'கொதி' ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே பதில். கேலிப்பர் பிஸ்டனின் பரப்பு கூடினால் அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதே என்றால் பெடல் கூடுதல் தூரம் போகும். வீட்டு வாசலில் குளிர்ந்த காரிலேயே தெரியும். பழைய ரப்பர் குழாய் உப்பினாலும் அப்படித்தான், அதற்கு எஃகு வலை போர்த்திய குழாய் மாற்றுவார்கள். இவற்றை வெறும் தொய்வு, பெடல் ஆழம் என்றே எழுதுங்கள். சூடானபின் மட்டும் வந்தால்தான் கொதிதொய்வு.

கையேட்டில் அந்த வரி வரும் அத்தியாயத்தின் வரிசையையும் கொஞ்சம் மாற்றலாம் என்று தோன்றுகிறது. இப்போது முதல் பக்கமே டர்போ எஸ் புகழ் பாடுகிறது. 1988இல் வந்த அந்தக் காருக்குப் போர்ஷேயின் இன்னொரு காரான 928 எஸ்4இன் பிரேக்கைத் தொழிற்சாலையே மாட்டிக் கொடுத்தது உண்மை. ஆனால் டர்போ இல்லாத 944இல், எஸ்2 வகையைத் தவிர்த்தால், இருப்பது ஒற்றைப் பிஸ்டன் நழுவு கேலிப்பர். அதில் நாலு பிஸ்டன் கேலிப்பர் ஏற, அது உட்காரும் நக்கிளிலிருந்து (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) மாற்ற வேண்டும். அதற்கு முன் புது ஆயில், நல்ல பேட், டிஸ்கைக் குளிர்விக்கக் காற்றுக் குழாய் என்று வைப்பதே முறை. முன்பக்கம் மட்டும் பெரிதாக்கிப் பின்பக்கத்தை விட்டுவிட்டால் விகிதம் கெட்டு, நிற்கும் தூரம் கூடவும் கூடும். டயர் பூட்டிக்கொள்கிற அளவுக்கு ஏற்கெனவே பிரேக் பிடிக்கிற காரில், பெரிய டிஸ்க் ஒருமுறை நிற்கும் தூரத்தைக் குறைக்காது. திரும்பத் திரும்ப அதே தூரத்தில் நிற்க வைக்கும், அவ்வளவே. பிடிச்சோர்வு தள்ளிப்போகும் என்று ஒரே சொல்லில் இதை எழுதிவிடலாம்.

> மலையிறங்கும் லாரிக்கும் இதே சொற்களா? ஊட்டி அருகே கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே டிரம் சூடாகி பெடல் இறங்கினால் ஆயில் கொதித்ததாகச் சொல்ல முடியாதே.

சரியாகச் சொன்னீர்கள். சக்கரத்தோடு சுழலும் டிரம் சூட்டில் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகும், அதனால் ஆயில் பிரேக் உள்ள வண்டியில் ஆயில் கொதிக்காமலே பெடல் இறங்கும். காற்று பிரேக் லாரியில் பெடல் அப்படிக் காட்டாது, காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் தள்ளுதண்டின் ஓட்டம்தான் நீளும். இரண்டிலும் குறைவது பிடியே, ஆகவே அதுவும் பிடிச்சோர்வு. அப்படியானால் 'பெடல் கெட்டியாக இருக்கும்' என்ற குறிப்பை டிஸ்குக்கு மட்டும் வைக்க வேண்டும். 944இல் நாலு சக்கரமும் டிஸ்க் என்பதால் கையேட்டில் மாற்றம் தேவையில்லை, நம் சொற்பட்டியலில் மட்டும் சேர்க்கிறேன்.

புது பேட்டை மெல்ல மெல்லச் சூடாக்கி டிஸ்கோடு பழக்கும் வேலைக்கும் சொல் கேட்டிருந்தீர்கள். பட்டறையில் 'செட் ஆகணும்' என்கிறார்கள். 'படியவைத்தல்' சரிவரும் என்று நினைக்கிறேன். மாற்று இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், அதன்பின் பட்டியலை ஏற்றிவிடலாம்.