மறு: ‘ஹேங்-ஆன் சம்ப்’ – தொங்குதொட்டியா, ஒட்டுத்தொட்டியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மீன்தொட்டியின் விளிம்பில் மாட்டப்பட்டு, அதன் நீரைச் சுற்றவிட்டு வடிகட்டும் பெட்டியான ‘ஹேங்-ஆன் சம்ப்’ என்பதற்கு ‘தொங்கு சேகரத்தொட்டி’ என்னும் சொல் கலைச்சொல் பற்றிய இவ்விழையில் முன்மொழியப்பட்டுள்ளது. அதன் இரண்டு உறுப்புகளையும் நான் ஏற்கத் தயங்குகிறேன். கண்ணாடி வெட்டி, சிலிக்கான் பூசி, அப்படியொன்றை வீட்டில் செய்து பார்த்தவன் என்ற முறையில் காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் ‘சம்ப்’. சென்னையில் இச்சொல்லைக் கேட்டால், வாசலுக்கருகே தரைக்கடியில் மூடி போட்டு வைத்திருக்கும் குடிநீர்த் தொட்டிதான் எவருக்கும் நினைவுக்கு வரும்; ‘தொங்கும் சம்ப்’ என்றால் சிரிப்பார்கள். ஆங்கிலத்திலும் அது முதலில் சதுப்பு நிலத்தையும், பின்னர் சுரங்கத்தின் அடியில் கசிநீர் வந்து சேரும் குழியையும், அதன்பின் மோட்டார் எஞ்சினில் எண்ணெய் தங்கும் அடிக்கலத்தையும் குறித்த சொல். தாழ்வு என்பதே அதன் உயிர். பெரிய மீன்தொட்டிகளுக்குக் கீழே, அலமாரிக்குள் வைக்கப்படும் இரண்டாம் தொட்டிக்கு அப்பெயர் பொருந்தியது. அதே வேலையைச் செய்யும் பெட்டி பக்கவாட்டில் ஏறியபோது பெயரும் கூடவே ஏறிவிட்டது. ஆகவே ‘தாழ்தொட்டி’ போன்ற நேர்ப்பெயர்ப்புகள் இங்கே உதவா. ‘சேகரம்’ என்பதும் சரியன்று, ஏனெனில் அங்கே நீர் சேர்ந்து நிற்பதில்லை. பஞ்சு, பீங்கான் வளையம் ஆகியவற்றின் ஊடே ஓடிக்கொண்டே இருக்கிறது. வெறும் வடிகட்டி என்றும் அதனைச் சொல்லிவிட முடியாது: ஹீட்டர் போன்ற அழகற்ற சாமான்களை மறைத்து வைப்பதற்கும், மொத்த நீரளவைக் கூட்டுவதற்கும் அதே பெட்டிதான் பயன்படுகிறது. தலைமைத் தொட்டிக்குத் துணையாக நிற்பதால், மேலோ கீழோ பக்கத்திலோ எங்கிருந்தாலும் இவ்வகை முழுமைக்கும் ‘துணைத்தொட்டி’ என்பது போதும்.

இனி ‘தொங்கு’. இதில் எனக்குள்ள மறுப்பு மொழியைப் பற்றியதன்று, எடையைப் பற்றியது. என் மீன்தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்டது; அதற்கு நான் செய்த பெட்டி 40 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம். அதில் 15 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் நீர் மட்டுமே 6 கிலோ, 4 மி.மீ. கண்ணாடியின் எடை ஏறத்தாழ 2.4 கிலோ; பீங்கான் வளையங்கள் தனி. எட்டு கிலோவுக்கு மேற்பட்ட சுமையை, உள்ளிருந்து ஏற்கெனவே நீரழுத்தம் தாங்கிக்கொண்டிருக்கும் மெல்லிய கண்ணாடிச் சுவர் ஒன்றின் விளிம்பில் தொங்கவிடுவது அறிவுடைமை ஆகாது. நான் அடியில் மரச்சட்டம் கொடுத்தேன். கடையில் விற்கும் சிறிய பிளாஸ்டிக் வடிகட்டி தொங்கலாம். வீட்டில் செய்யும் கண்ணாடிப் பெட்டி தொங்கக் கூடாது. செய்பவரைத் தவறான வழியில் செலுத்தும் கலைச்சொல்லை நாமே ஏன் உருவாக்க வேண்டும்? யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘கொழுவுதொட்டி’ (அங்கே கொழுவுதல் என்றால் மாட்டுதல்) காதுக்கு இனியது. ஆயினும் அதற்கும் இதே தடை உண்டு. ‘உறித்தொட்டி’ எனக்கும் ஒரு கணம் தோன்றியது, ஆனால் உறி உத்தரத்திலிருந்து தொங்குவது.

பெட்டியில் நீர் செல்லும் திசையை வைத்தும் பெயரிட இயலாது என்பதை ஒரு தவற்றின் வழியாகக் கற்றேன். முதலில், கவிழ்த்த ‘ப’ வடிவக் குழாய் (சைபன்) ஒன்றின் வழியே நீர் பெட்டிக்கு வருமாறும், பெட்டியின் கடைசி அறையிலுள்ள மோட்டார் அதனைத் திருப்பி அனுப்புமாறும் அமைத்தேன். மின்சாரம் நின்றால் இரு பக்கமும் மட்டம் சமமாகி நீர் அப்படியே நிற்கும் என்பது இதன் சிறப்பு. ஆனால் குழாயின் உச்சியில் சிறுகச் சிறுகக் காற்று சேர்ந்து, ஒருநாள் இரவு நீரோட்டம் அறுந்தது. மோட்டார் தன் அறையிலிருந்த சுமார் 2 லிட்டரைத் தொட்டிக்குள் இறைத்துவிட்டு வறண்டு ஓடியது. தொட்டியின் பரப்புக்கு 2 லிட்டர் என்பது 1.1 செ.மீ. உயர்வு மட்டுமே, மேலே 2.5 செ.மீ. இடைவெளி விட்டிருந்ததால் தரை நனையவில்லை. பிறகு மோட்டாரைத் தலைமைத் தொட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கட்டை கொடுத்து உயர்த்தி, நீர் விளிம்பு வழிந்து தானே திரும்புமாறு மாற்றினேன். முன்னைய அமைப்பில் ஆவியாகிக் குறையும் நீர் மோட்டார் அறையில் தெரிந்தது. இப்போது தொட்டியிலேயே தெரிகிறது. திசை தலைகீழானது, பெட்டி அதேதான்.

எனவே, பக்கவாட்டில் நிற்கும் இவ்வகைத் துணைத்தொட்டிக்கு என் பரிந்துரை ‘ஒட்டுத்தொட்டி’. ஒட்டுத்திண்ணை வீட்டை ஒட்டி நிற்பது போல இது தொட்டியை ஒட்டி நிற்கிறது. தொங்கினாலும் தாங்கல் மேல் நின்றாலும் பெயர் பொய்க்காது. ஒட்டுமாங்கன்றில் இரண்டு மரத்துக்கும் ஒரே சாறு ஓடுவதைப் போல இங்கேயும் ஒரே நீர் ஓடுகிறது. பசையால் ஒட்டிய தொட்டி என்று பொருள்கொள்ள இடமுண்டு என்பதை மறுக்கவில்லை. கண்ணாடித் தொட்டிகள் யாவுமே அப்படி ஒட்டப்படுபவைதாம் என்பதால் அம்மயக்கம் நீடிக்காது என்று கருதுகிறேன்.

பெட்டியின் உறுப்புகளுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டியதில்லை. மிகுநீர் வழிந்தோடும் விளிம்புக்கு, ஏரிக்கரையில் அதே வேலையைச் செய்யும் ‘கலிங்கு’ காத்திருக்கிறது. தென்மாவட்டத்தார் ‘மறுகால்’ என்பர். மீன்குஞ்சு நுழையாதபடி அதில் வெட்டும் பற்களைக் ‘கலிங்குச் சீப்பு’ எனலாம். சைபன் குழாய்க்கு நான் வைக்கும் பெயர் ‘கவிழ்தூம்பு’. ஏரி மதகைக் குறிக்கும் பழைய ‘தூம்பு’ குழாயையும் குறிக்கும் என்பதால் இது வலிந்து பொருத்தியதாகாது. உள்ளே நிற்கும் குறுக்குக் கண்ணாடிகளுக்குத் ‘தடுப்பு’ என்பதே போதும். அதிலும் புதுமை தேடினால் கண்ணாடிக் கடைக்காரருக்குப் புரியாது.

‘கலிங்கு’ என்பதா, ‘மறுகால்’ என்பதா என்பதில் மட்டும் எனக்கு உறுதியில்லை. ஏரிப்பாசன ஊர்களைச் சேர்ந்த நண்பர்கள் தங்கள் வழக்கைச் சொன்னால் அதன்படி கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம்.

அன்புடன்.