விட்டுப்போன அப்பா இப்போது மாதப் பணம் கேட்கிறார்: கொடுத்தே ஆக வேண்டுமா?

ஈசூன்வாசி:
நண்பனுடைய பிரச்சினை. அவன் தொடக்கப்பள்ளியில் படிக்கும்போதே அப்பா வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா அலுவலகங்களில் தரை துடைத்து இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். இப்போது அப்பாவுக்கு 71 வயது, கையில் காசில்லை. மாதம் 400 சிங்கப்பூர் வெள்ளி வேண்டும் என்று சித்தப்பா மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நண்பன் ஒரு காசு தர மாட்டேன் என்கிறான். நானும் அவன் பக்கம்தான். உங்கள் கருத்து?

தேக்கா மாமா:
தம்பி, 'மாட்டேன்' என்று சொன்னால் விஷயம் முடிந்துவிடாது. 1995இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வால்டர் வூன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேறியது பெற்றோர் பராமரிப்புச் சட்டம். 60 வயது நிரம்பி, சொந்தமாகப் பிழைக்க வழியில்லாதவர் நடுவர் மன்றத்துக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பணம் கேட்கலாம். பெற்றவர் பட்டினி கிடக்கப் பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம்? எனக்கும் வயதாகிறது, இதையெல்லாம் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

நூலகப்பூனை:
மாமா பாதிச் சட்டத்தைத்தான் சொன்னார். பெற்றவர் பிள்ளையைக் கைவிட்டதாகவோ கொடுமைப்படுத்தியதாகவோ மன்றம் ஏற்றுக்கொண்டால் மனுவைத் தள்ளலாம், தொகையைக் குறைக்கலாம். அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. 2023இல் வந்த திருத்தத்தின்படி, அப்படிப்பட்ட பழைய பதிவு உள்ளவர்கள் மனுப் போடுவதற்கே முதலில் மன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும்.

சட்டம் கிடக்கட்டும். ஜேன் இங்கிலிஷ் என்ற அமெரிக்க மெய்யியலாளரின் கட்டுரை ஒன்று 1979இல் வெளிவந்தது. வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்குக் 'கடன்பட்டவர்கள்' இல்லை என்பது அவர் வாதம். நாமாகக் கேட்டு வாங்கிய உதவிதான் கடனாகும், பெற்றோர் செய்வது அப்படியல்ல. பிள்ளை பெற்றோருக்குச் செய்வது அன்பால், நட்பால். அந்த உறவே இல்லாமல் போனால் செய்ய வேண்டியதும் இல்லை.

கல்யாணி அக்கா:
பச்சைக் குழந்தை எப்படியம்மா கேட்டு வாங்கும்? இந்தக் கணக்கில் பார்த்தால் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பால் கலக்கிக் கொடுத்த அந்த அம்மாவுக்கும் அவன் ஒன்றும் செய்ய வேண்டாமே! கைவிட்டவரை விலக்கப் போய் வளர்த்தவரையும் சேர்த்து விலக்கிவிட்டீர்கள்.

நூலகப்பூனை:
அம்மாவோடு உறவு இருக்கிறதே அக்கா. அவன் மாதாமாதம் கொடுக்கிறான், பாசத்தில் கொடுக்கிறான். வசூல் மாதிரி இல்லை.

மகாபாரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் விட்ட குந்தி போர் மூளும் நேரத்தில் வந்து 'நான்தான் உன் தாய், பாண்டவர் பக்கம் வா' என்கிறாள். கர்ணன் போகவில்லை. சோறு போட்டவன் துரியோதனன், செஞ்சோற்றுக் கடன் அங்கேதான் என்று நின்றான். யாராவது அவனைக் கெட்ட மகன் என்கிறோமா?

தேக்கா மாமா:
வெறுங்கையோடு அனுப்பினானா? அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரையும் கொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான். தாய் செய்தது தப்பு என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னான், ஆனாலும் கொடுத்தான். கர்ணனை வைத்து வாதாடுகிறவர்கள் இந்த இடம் வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறீர்கள்.

நூலகப்பூனை:
கொடுத்தான், சரி. குந்தி நடுவர் மன்றத்தில் மனுப் போட்டு வாங்கவில்லையே. மறுக்க உரிமை இருந்தும் கொடுத்ததால்தான் அவனைக் கொண்டாடுகிறோம். அப்புறம், மாதர் சாசனம் என்ற குடும்பச் சட்டப்படி தகப்பனும் பிள்ளைகளைப் பராமரிக்க வேண்டும். அன்றைக்கு இவர் கொடுத்தாரா? தன் கடமையைத் தூக்கி எறிந்தவர் அடுத்தவன் கடமையைப் பற்றிப் பேச வந்துவிட்டார்.

புளோக் கீழே:
எனக்கு ஒரே கேள்வி. மகன் கொடுக்கவில்லை என்றால் கம்கேர் என்ற அரசாங்க உதவிக்குத்தான் அவர் போவார். அது உங்கள் வரி, என் வரி. மகனுக்கே கடமை இல்லை என்றால் எனக்கு எங்கிருந்து வந்தது?

கல்யாணி அக்கா:
உங்கள் பையிலிருந்து கூடுதலாகப் பத்துக் காசு போகும், அவ்வளவுதான். அந்தப் பையன் ஒவ்வொரு மாதமும் பணம் அனுப்பும்போது அம்மா முழங்காலில் நின்று தரை துடைத்தது ஞாபகம் வரும். ரெண்டும் ஒரே எடையா? நான் மாமா பக்கமும் இல்லை, பூனை பக்கமும் இல்லை. ஆனால் இந்த இடத்தில் ஊரார் சேர்ந்து சுமப்பதுதான் நியாயம்.

ஈசூன்வாசி:
நண்பனிடம் இதையெல்லாம் காட்டினேன். மருத்துவமனைக் கட்டணம் வந்தால் நேரடியாக அங்கேயே கட்டிவிடுகிறேன், அவர் கையில் காசு கொடுக்க மாட்டேன், முகத்திலும் விழிக்க மாட்டேன் என்கிறான்.

தேக்கா மாமா:
நோய் வந்தால் பார்த்துக்கொள்வான், பசித்தால் பார்க்க மாட்டானாக்கும். எனக்குச் சரியாகப் படவில்லை.

நூலகப்பூனை:
எனக்கு அதுவே அதிகமாகப் படுகிறது. ஈசூன்வாசி, மன்றத்துக்குப் போகும் முன்னால் பெற்றோர் பராமரிப்பு ஆணையர் அலுவலகத்தில் சமரசப் பேச்சு இருக்கும். அழைப்பு வந்தால் தட்டிக்கழிக்காமல் போகச் சொல்லுங்கள். அம்மா அந்தக் காலத்தில் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டிருந்தால் அந்தத் தாள்களையும் தேடி எடுத்துக்கொள்ளட்டும்.