1939 கனடா டாலர், 1949 கிரவுன், 1954 ஃப்ளோரின்: வெள்ளிதானா?

வைகைக்கரை: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கனடா டாலர் (1939), நியூசிலாந்து கிரவுன் (1949), ஆஸ்திரேலிய ஃப்ளோரின் (1954) காசுகள் கிடைத்தன. பிரிட்டிஷ் ராஜா, ராணி வருகைக்கு அடித்தவை என்கிறார்கள். கிரவுனில் அதற்கான எழுத்தே காணோம். மதுரை தெற்காவணி மூல வீதி நகைக்கடையில் கொடுத்து உரைத்துப் பார்க்கலாமா? ஃப்ளோரினில் பச்சையாகப் பிசுபிசுப்பும் இருக்கிறது.

காசுமாலை: உரைகல் பக்கமே போகாதீங்க சார், ஒரு இழுப்பு போதும் விளிம்பு போக. எடை மட்டும் போடச் சொல்லுங்க. டாலர் 23.33 கிராம், 80% வெள்ளி. கிரவுன் 28.28, ஃப்ளோரின் 11.31; இரண்டும் 50%. தேய்ந்த காசு கொஞ்சம் குறையும்.

எடை சரியா இருந்தா தண்ணீர் சோதனை. தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்க. டாலருக்கு சுமார் 2.3 காட்டணும்; 2.6 வந்தா செம்பு-நிக்கல் கலவை. ஃப்ளோரினுக்கு 1.19, போலிக்கு 1.27. வித்தியாசம் அவ்வளவுதான், அதனால் 0.01 கிராம் காட்டும் தராசு வேணும். காசில் ஒட்டும் காற்றுக்குமிழிதான் கணக்கைக் கெடுக்கும். லேசா ஆட்டி விடுங்க.

திருமங்கலத்தான்: கிரவுன் விஷயம் சுவாரசியமானது. மன்னர் ஆறாம் ஜார்ஜ் நியூசிலாந்துக்கு வருவதாக இருந்து அடித்தார்கள். உடம்பு முடியாமல் பயணமே ரத்து. பின்பக்கம் வெள்ளிப் பெரணி இலையும் தென்சிலுவை நட்சத்திரங்களும்தான். சுமார் 2 லட்சம் காசுதான் அடித்தது. ஃப்ளோரின் 40 லட்சம், டாலர் 13 லட்சத்துக்கு மேல். இவை இரண்டும் அரிதென்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

காசுமாலை: பச்சைக்கு: பிவிசி பிளாஸ்டிக் உறையில் கிடந்திருக்கும். கெமிக்கல் கடையில் சுத்தமான அசிட்டோன் வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் சில நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் ஒருமுறை அலசி அப்படியே காய விடுங்க. ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்தில் அடுப்பு கூடாது. நகச்சாயம் அழிக்கிற திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும்.

வைகைக்கரை: ஃப்ளோரின் 1.19 காட்டுது. டாலர் கறுத்திருக்கு, விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

திருமங்கலத்தான்: குத்துவிளக்குக்குத் தேயுங்கள், காசுக்கு வேண்டாம். புளியும் அப்படித்தான். மயிரிழைக் கீறல் விழுந்து அச்சின் மினுமினுப்பு போனால், சேகரிப்பவர் வெள்ளி எடைக்குத்தான் கேட்பார். கறுப்பு அப்படியே இருக்கட்டும். மைலார் (பிவிசி இல்லாத பிளாஸ்டிக்) உறையில் போட்டு வையுங்கள்.