ஷ்ராப்ஷயர்: இரும்பு மண்ணா, ஆடு மேயும் மண்ணா?

மலையோரம்:
இங்கிலாந்தின் மேற்கே வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரைப் பற்றி யார் எழுதினாலும் ‘தொழிற்புரட்சி பிறந்த இடம்’ என்றே ஆரம்பிக்கிறார்கள். சுற்றுலா விளம்பரம், வேறென்ன. லாங் மிண்ட் மலைமேல் ஏறிப் பாருங்கள், புதரும் ஆடும்தான். ஸ்டோக்சே கோட்டையை 13-ஆம் நூற்றாண்டில் கட்டியவர் ராஜா இல்லை, லட்லோ ஊர்க் கம்பளி வியாபாரி லாரன்ஸ். இரும்பெல்லாம் ஒரு சின்னப் பள்ளத்தாக்கின் கதை.

உலைக்காரன்:
அந்தச் சின்னப் பள்ளத்தாக்கில்தான், கோல்புரூக்டேலில், 1709-ல் ஆபிரகாம் டார்பி நிலக்கரியைச் சுட்டு எடுத்த கற்கரியை எரித்து இரும்பை உருக்கினார். அதுவரை மரக்கரிக்காகக் காட்டை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். கந்தகம் குறைந்த நிலக்கரி, இரும்புக்கல், சுண்ணாம்புக்கல், சரக்கு அனுப்ப செவர்ன் ஆறு, எல்லாம் பக்கத்திலேயே. இதுவா விளம்பரம்?

மலையோரம்:
அடுத்த 40 வருஷத்தை அப்படியே தாண்டிவிட்டீர்களே! அவர் வார்த்தது சமையல் பானை. பட்டறையில் அடித்து நீட்ட அந்த இரும்பு சரிப்படவில்லை, அதனால் 1750-கள் வரை மற்ற உலைகளில் பெரும்பாலும் மரக்கரிதான்.

உலைக்காரன்:
பானை என்றால் இளக்காரமா? பித்தளைப் பாத்திரம் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு அதுதான் போனது. அப்புறம் பேரன் காலத்தில், 1779-ல், செவர்னுக்குக் குறுக்கே 378 டன் வார்ப்பிரும்பில் பாலம் எழும்பியது. கிட்டே நின்று இணைப்புகளைப் பாருங்கள், எல்லாம் தச்சு வேலை: துளை, அதில் செருகும் கழுந்து, இறுக்கும் ஆப்பு. இரும்பில் பாலம் கட்டிப் பழக்கமில்லை, மரத்தில் தெரிந்ததை இரும்பில் செய்துவிட்டார்கள்.

ஈயக்கட்டி:
ரெண்டு பேரும் ஈயத்தை மறந்துவிட்டீர்கள். லாங் மிண்டுக்கு மேற்கே ஸ்நெய்ல்பீச் சுரங்கம் இருக்கிறது. 1895-ல் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டின் கயிறு அறுந்து 7 பேர் செத்தார்கள். அந்தப் பக்கத்துச் சுரங்கக்காரர்கள் பலர் மலைச்சரிவில் துண்டு நிலம் வைத்து மாடும் வளர்த்தவர்கள். இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

உலைக்காரன்:
நல்லா கேட்டீங்க. பள்ளத்தாக்குக்கு வெளியே இன்னொன்றும் உண்டு. ஷ்ரூஸ்பரியில் 1797-ல் கட்டிய, ஆளிச்செடி நாரை நூலாக நூற்கும் ஆலைதான் உலகின் முதல் இரும்புச் சட்டகக் கட்டடம். மர உத்தரம் போட்ட ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பிடித்து எரிந்த காலம் அது, அதனால்தான் தூண், உத்தரம் எல்லாவற்றையும் வார்ப்பிரும்பில் போட்டார் சார்லஸ் பேஜ். இன்றைய வானுயரக் கட்டடங்களுக்கெல்லாம் பாட்டன் அதுதான்.

மலையோரம்:
பாட்டனாகவே இருக்கட்டும். அந்த ஆலையில் பணம் போட்ட பங்காளிகள் யார் தெரியுமா? பென்யன் சகோதரர்கள். ஷ்ரூஸ்பரிக் கம்பளி வியாபாரிகள்!