நடக்காத தேர்தல்தான் ஜனநாயகச் சரிவின் அறிகுறியா?

முறிகண்டி
ஜனநாயகம் சரிகிறது என்றதும் நம்மவர் பலர் படையினர் நாடாளுமன்றத்தைச் சூழ்வதையே எண்ணிக்கொள்கிறார்கள். இலங்கையில் அது வேறு வழியில் நடந்தது. 1977இல் தெரிவான நாடாளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகள் நீடிப்பதற்காக, 1982 டிசெம்பரில் சர்வஜன வாக்கெடுப்பு வைத்து, விளக்குச் சின்னமா (ஆம்) குடச் சின்னமா (இல்லை) என்று மக்களிடமே வாக்குக் கேட்டுப் பொதுத்தேர்தலைத் தவிர்த்தார்கள். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஏழு ஆண்டுகள் கடந்தும் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. 2023 மார்ச் 9ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்ட உள்ளூராட்சித் தேர்தல், நிதியில்லை என்ற காரணத்தால் தள்ளிப்போய் 2025 மே மாதத்தில்தான் நடந்தது. தேர்தல் தள்ளிப்போவதற்கு நாம் பழகிவிட்டதையே நான் பெரிய ஆபத்தாகக் காண்கிறேன்.

நந்திக்கடல்
அண்ணை, சரிவதற்கு முதலில் ஏறியிருக்க வேண்டும். 1979இல் தற்காலிகமென்று கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்கள் 2017இல் படையினர் பிடித்துவைத்திருந்த தங்கள் காணிகளைக் கேட்டுப் படைமுகாம் வாசலில் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தபோது மாகாண சபை இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அதனால் என்ன செய்ய முடிந்தது? காணி, பொலிஸ் அதிகாரங்களைக் கையாளவே முடியாத சபை இல்லாமற்போனதைப் பேரிழப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீதிபதி உயிரச்சுறுத்தலைக் காரணம் காட்டிப் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினாரே, அதுதான் எனக்குப் பேரறிகுறி.

செட்டிகுளத்தான்
நீங்கள் இருவரும் நீதிமன்றத்தை மறந்துவிட்டீர்கள். 2018இல் ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரணானது என உயர்நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2024இல் ஆட்சியும் அமைதியாகவே கைமாறியது.

முறிகண்டி
அதே நீதிமன்றத்தின் பிரதம நீதியரசரை 2013இல் நாடாளுமன்றம் பதவியிலிருந்து இறக்கியதையும் சேர்த்தே எண்ண வேண்டும். உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்ற தீர்ப்பு 2024 ஓகஸ்ட்டில்தான் வந்தது. அதற்குள் சபைகள் கலைந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.

நந்திக்கடல், உங்கள் கேள்விக்கு என் வீதியைக் கொண்டே பதில் சொல்கிறேன். மாரி மழையில் எங்கள் குடியேற்றத்திட்ட வீதியின் கிறவல் அள்ளுண்டு, மதகடியில் ஆளிறங்கும் குழி விழுந்தது. முன்பென்றால் வட்டார உறுப்பினரின் படலையைத் தட்டுவோம். அவர் மாதக் கூட்டத்தில் எழுந்து கேட்பார், கேட்காவிட்டால் அடுத்த தேர்தலில் அவரை நாங்கள் கேட்போம். உறுப்பினர்கள் இல்லாத காலத்தில் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்து, பதிவு இலக்கத்தோடு திரும்பினோம். அதிகாரி கெட்டவரல்லர், எங்களுக்குப் பதில் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. மாகாணத்திலும் அதே நிலைதான்: ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் நிதியைக் கையாள்கிறார், கேள்வி கேட்கச் சபை இல்லை. அதிகாரம் குறைந்த சபை என்பது அதிகாரத்தைக் கூட்டிக் கேட்பதற்கான காரணமே அன்றி, இருப்பதையும் கைவிடுவதற்கான காரணமன்று.

நந்திக்கடல்
கடைசி வாக்கியத்தை ஏற்கிறேன். ஆனால் இந்த முடக்கத்தில் நம்மவருக்கும் பங்குண்டு. மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நமது பிரதிநிதிகளும் கை உயர்த்தினார்கள். புதிய முறைக்குத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் நிராகரித்தது. புதிய முறையும் இல்லை, பழைய முறையும் இல்லை என்றாயிற்று.

முறிகண்டி
பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு திருத்தச் சட்டம் போதும். வன்னியிலிருந்து தெரிவான ஆறு உறுப்பினர்களும், எந்தக் கட்சியாயினும், அதற்கு வாக்களிப்பார்களா என்று எழுத்தில் கேட்போம்.